அல்வாக்காரனின் காருக்குள் ஈரம்

அத்துமானியின் கார் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது. குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் கடலோரத் தாங்கா ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தரையில் ஒரு சொட்டு கிடையாது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை கிடையாது. காலையில் பானெட்டைத் திறந்தால் டப்பாவில் என்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஊருக்குள் ஓட்டும்வரை இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மலை ஏறும்போது அந்த ஒரு டம்ளர் மூன்று பாட்டில் ஆகிவிடும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும், கார் மூச்சு முட்டி நின்றுவிடும்.

இரண்டு தடவை அப்படி நின்றாயிற்று. முதல் தடவை மோம்போவில், ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே. இரண்டாம் தடவை போன ஞாயிற்றுக்கிழமை, மலைப்பாதையின் நடுவில், சோனி வளைவுக்குக் கொஞ்சம் கீழே. வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள். அன்றைக்கு மலைமேல் இருக்கும் லுஷோட்டோவுக்கும் மேலே, மாமியார் வீட்டு வாசலில், இந்தக் காரோடு அவன் போய் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் பெண்டாட்டி ரிஸிகி கீழே இறங்கப் போவதில்லை, கைப்பிள்ளையும் இறங்கப் போவதில்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்தப் பக்கத்துக் குளிர்காலமான இதே ஜூலையில், மூத்த மகளைத் தூக்கிக்கொண்டு நாற்பதாம் நாள் மினிபஸ்ஸில் இறங்கினார்கள். ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார்கள். சோனி வளைவில் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. அங்கே தொடங்கிய இருமல் தாங்கா வந்தும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளையை அடக்கம் செய்தார்கள்.

ரிஸிகி அப்போது யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தத் தடவை பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் சொன்னாள். "நாலு கண்ணாடியும் ஒழுங்கா மூடுற காரா, நம்ம சொந்தக் காரா கொண்டு வந்தீங்கன்னா வரேன். இல்லன்னா நானும் பிள்ளையும் அங்கயே இருந்துக்கிறோம். பார்க்கணும்னா நீங்க வந்து பார்த்துட்டுப் போங்க." சண்டையாகச் சொல்லவில்லை. வரும்போது உப்பு வாங்கிட்டு வாங்க என்பது போலச் சொன்னாள். அதனால்தான் அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வேறு மூன்று வாரம் முந்திப் பிறந்து, ஒரு கோழி எடைதான் இருந்தது.

அத்துமானி அல்வா கிண்டுகிறவன். நகாமியானி பன்னிரண்டாம் தெருவில் அவன் செம்புச் சட்டியைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. மூன்று மணி நேரம் ஒரே பக்கமாகத் துடுப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கிறவனுக்குக் கனவு காண்பதைத் தவிர வேறு என்ன வேலை? சட்டிக்கு முன்னால் நின்றே பாதி உலகத்தைப் பார்த்துவிட்டவன் அவன். காரை வாங்கிய பிறகு அந்தக் கனவு காருக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜப்பானில் யாரோ பன்னிரண்டு வருஷம் ஓட்டித் தள்ளிய வெள்ளைக் கார். சுடச்சுட அல்வாத் தட்டுகளை முன் சீட்டுக்குக் கீழே அடுக்கி அவன் கல்யாண வீடுகளுக்குக் கிளம்பினால் முன் கண்ணாடி உள்பக்கம் மெல்ல மங்கும். துணியால் துடைத்தால் நெய் பூசியது போல ஒரு படலம் நிற்கும். அதன் வழியாகப் பார்த்தால் சைக்கிள்காரர்கள் தரையைத் தொடாமல் மிதந்து போவார்கள். ஆரஞ்சுக் கூடைகள் தாமாகவே நகரும். துறைமுகத்துப் பக்கம் கடல் எது, வானம் எது என்று பிரியாது. உள்ளே ஏலக்காயோடு ஓர் இனிப்பு மணம் கட்டி நிற்கும். இப்போதே மலைமேல் மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறோம், பின் சீட்டில் ரிஸிகி பிள்ளையோடு தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத்தான் அவனைத் தரைக்கு இறக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை காரை சிங்கானோவிடம் கொண்டுபோய் விட்டான். ரயில் பாதைக்குப் பக்கத்து வேப்ப மரத்தடிதான் சிங்கானோவின் பட்டறை. இரண்டு பேரும் சின்ன வயதில் மதரஸாவில் ஒரே பலகையில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள்.

"என்னடா, மறுபடியும் மலை உன்னைத் திருப்பி அனுப்பிடுச்சா?" என்றான் சிங்கானோ, பானெட்டைத் தூக்கிக்கொண்டே.

"எங்க ஒழுகுதுன்னு மட்டும் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"ஊரே குழாய்த் தண்ணியப் பிடிச்சு ஊத்துது. துரைதான் பாட்டில் பாட்டிலா பச்சை மருந்து ஊத்துறாரு. மருந்து குடிச்சுப் பழகின காரு மயக்கத்துல கிடக்கு, வேற ஒண்ணுமில்ல."

வாய் அப்படிப் பேசினாலும் கை வேலையில் சுத்தம். ரேடியேட்டரின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் தடவினான். ஹோஸ்களைப் பிழிந்து பார்த்தான். மூடியின் ரப்பரை முகர்ந்தான், வாட்டர் பம்பின் அடியில் கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்தான். ஆயில் கம்பியை உருவி நகத்தில் தேய்த்தான். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம். ஆயில் சுத்தமாக இருந்தது. கடைசியில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்தான்.

"நாளைக்கு வா. சொட்டினா அட்டை சொல்லிடும்," என்றான்.

செவ்வாய்க்கிழமை அட்டை ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்து கிடந்தது. டப்பாவில் மட்டும் ஒரு விரல்கடை குறைந்திருந்தது.

சிங்கானோ கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தான். பிறகு தன் மந்திரக் கருவியை எடுத்தான். பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் ஓட்டை போட்டு, சைக்கிள் டியூபின் வாயைப் பொருத்தி வைத்திருந்தான். அதை மாட்டி சைக்கிள் பம்பால் காற்றடித்தால், எங்கே ஓட்டையோ அங்கே தண்ணீர் பீய்ச்சும். அத்துமானி பம்பு அடித்தான், சிங்கானோ ஒரு துண்டு ஹோஸைக் காதில் வைத்துக்கொண்டு என்ஜினைச் சுற்றிக் குனிந்து குனிந்து வந்தான்.

"பேசாத. மூச்சு விடாத."

அத்துமானி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். எங்கோ, மிக மெதுவாக, யாரோ தூக்கத்தில் உதடு வழியாக ஊதுவது போல ஒரு சத்தம் கேட்டது. காரின் உள்ளிருந்து வருகிறதா, வேப்ப மரத்திலிருந்து வருகிறதா என்று புரியவில்லை. அந்தச் சத்தத்திலேயே அவன் நின்றபடி கொஞ்சம் கரைந்துபோனான். மலைவீட்டில், கம்பளிக்கு அடியில், பிள்ளை இப்படித்தான் மூச்சு விடும் என்று தோன்றியது.

"காத்து இறங்குது. ஆனா வெளியில ஒரு சொட்டு வரல," என்று சிங்கானோ ஹோஸைத் தூக்கிப் போட்டான். "அப்ப ஆயில்ல கலக்காட்டியும் என்ஜினுக்குள்ளதான் போகுது. ஹெட்டைக் கழட்டணும்டா. கேஸ்கெட் போயிருக்கும்."

"எத்தன நாளு?"

"கழட்டி, மட்டம் பார்த்து, சாமான் வாங்கி வந்து மாட்ட பத்து நாளாவது ஆகும்."

அத்துமானி காருக்குப் பின்பக்கம் போய் ரிஸிகிக்குப் போன் போட்டான். எதிர்முனையில் காற்று அடிப்பது கேட்டது.

"இங்க காலையில தண்ணியில கைய வைக்க முடியல," என்றாள். "மத்தியானம் வரைக்கும் மூட்டம் வாசல விட்டுப் போறதில்ல. நீங்க வெள்ளிக்கிழமை வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன்."

"அம்மா கேட்டாங்க. வராட்டி மேல்வீட்டு அறைய எங்களுக்கு ஒதுக்கித் தரேன்னாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் வரேன்."

பொய் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னான்.

புதன்கிழமை காலையில் சிங்கானோ என்ஜினைக் கழற்ற ஸ்பானர்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அத்துமானி காருக்குள், இடதுபக்க முன் சீட்டில், காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழக்கம்போல மங்கியிருந்தது. வேப்பங்கிளைகள் அதற்குப் பின்னால் அசைந்தன. மரமும் காரும் ஒரே தூக்கத்தைத் தூங்குவதாக நினைத்துக்கொண்டே அவன் கண்ணை மூடினான். உள்ளங்கால் ஈரமானது.

பாகு சிந்தியிருக்கிறது என்றுதான் எப்போதும் போல நினைத்தான். அல்வாத் தட்டு வைக்கிற இடம், பிசுபிசுக்காமல் என்ன செய்யும்? குனிந்து, கீழே விரித்திருந்த கம்பளத்தை அழுத்திய விரலை, கட்டைவிரலோடு சேர்த்து இழுத்துப் பார்த்தான். இருபது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பதம் பார்க்கிற கை.

கம்பி வரவில்லை.

வழுவழுவென்று இருந்தது, இனிப்பாக மணந்தது. ஆனால் விரலுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு நூல்கூட எழும்பவில்லை. அத்துமானிக்குத் தூக்கம் கலைந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் சட்டியை அடுப்பில் ஏற்றவே இல்லை. மூன்று நாள் பாகு இந்நேரம் கல்லாக இறுகியிருக்க வேண்டும். இது ஈரமாகவே இருக்கிறது. மறுபடி முகர்ந்தான். ஏலக்காய் இல்லை, ஜாதிக்காய் இல்லை.

"சிங்கானோ, இங்க வா. இது என்னோட இனிப்பு இல்ல," என்று கத்திவிட்டு, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரலை நாக்குக்குக் கொண்டுபோனான்.

ஓடி வந்த சிங்கானோ அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டான். "செத்துக்கித்துத் தொலைச்சிறாத. விஷம்டா அது." குனிந்து கம்பளத்தைத் தூக்கிப் பிழிந்தான். பச்சையாக ஒழுகியது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கை நனைந்து வெளியே வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"மூணு நாளா நான் வெளியில தேடுறேன். அது உள்ள உக்காந்து ஒழுகிக்கிட்டிருக்கு. கண்ணாடியில ஆவி, நாம அல்வா ஆவின்னோம். கால்ல ஈரம், பாகுன்னோம். மணம் வேற. நானே இதுக்குள்ள தலைய விட்டு மோந்துட்டு, ஆகா ஏலக்கான்னு போனேன்டா. உன் காரு உனக்கே அல்வா குடுத்திருக்கு பாரு."

"உள்ள என்ன இருக்கு ஒழுக?"

"ஹீட்டர். டேஷ்போர்டுக்குப் பின்னால குட்டியா ஒரு ரேடியேட்டர். ஜப்பான்ல பனி கொட்டும்ல, காருக்குள்ள கதகதப்பு வேணும்ல. என்ஜின்ல கொதிக்கிற தண்ணி இதுக்குள்ள சுத்திட்டுப் போகும். நம்ம ஊர்ல எவனுக்கு அது ஞாபகம் இருக்கு? மலை ஏறுறப்ப அழுத்தம் கூடும், அதான் அங்க வாரி இறைச்சிருக்கு." சிங்கானோ உற்சாகமாக எழுந்து கத்தியை எடுத்தான். "போ, பொழைச்ச. ரெண்டு ஹோஸையும் வெட்டி ஒண்ணோட ஒண்ணு சேர்த்து கிளாம்ப் போட்டா முடிஞ்சுது. இங்க வந்து இறங்குற எல்லாக் காருக்கும் அதைத்தான் செய்றோம். அரை மணி நேரம்."

அவன் சொன்னது உண்மைதான். தாங்காவில் ஹீட்டரை யாரும் சரி செய்வது கிடையாது, வெட்டித்தான் விடுவார்கள். சட்டை நனைந்து ஒட்டுகிற ஊரில் அது வேண்டாத சாமான். அத்துமானிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வாசலில் கார் நிற்கும். கத்தி ஹோஸில் பதியப் போகிற நேரத்தில்தான் கேட்டான்.

"அது நல்லா இருந்தா என்ன செய்யும்?"

"எது?"

"அந்த ஹீட்டரு. ஒழுகாம ஒழுங்கா இருந்தா என்ன செய்யும்?"

"அதான் சொன்னேனே, சூடா காத்து விடும். அடுப்பு முன்னால உக்காந்த மாதிரி இருக்கும்."

"மலையில கூடவா? மூட்டத்துலயா?"

"மூட்டத்துக்குன்னுதானே அதை வச்சிருக்கான்."

"அப்ப வெட்டாத," என்றான் அத்துமானி.

சிங்கானோ நிமிர்ந்து அவனைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் குழிக்குள் இறங்கி நின்று, கைநீட்டி அந்தச் சின்னத் துணிப்பொட்டலத்தை வாங்கிப் படுக்கவைத்தவன் அவன்தான். கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"டேஷ்போர்டு முழுசையும் இறக்கணும்," என்றான். "நான் இதுவரைக்கும் ஒண்ணைக்கூட சரி பண்ணினது கிடையாது. வெட்டித்தான் பழக்கம்."

"கழட்டு. நானும் கூட நிக்கிறேன்."

"சாமான் எங்கடா கிடைக்கும்? கடையில கேட்டா சிரிப்பான்."

சாமான் பட்டறைக்குப் பின்னாலேயே கிடைத்தது. லாரியில் மோதி நசுங்கிய அதே மாதிரி கார் ஒன்று புல்லுக்குள் கிடந்தது. அது கப்பலில் வந்து இறங்கிய வாரமே சிங்கானோ அதன் ஹீட்டர் ஹோஸ்களை வழக்கம்போல வெட்டிவிட்டிருந்தான். அப்புறம் ஊர்க்காரர்கள் ஊற்றிய குழாய்த் தண்ணீர் அதன் என்ஜினை அரித்துத் தின்றது. தண்ணீரே போகாத ஹீட்டரை மட்டும் அது தொடவில்லை. வெளியே எடுத்து, துடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, இரண்டு பேரும் மாறி மாறி வாயால் ஊதிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

புதன் பகல் போயிற்று, வியாழன் காலையும் போயிற்று. கழற்றிய திருகுகளை அத்துமானி அல்வாத் தட்டில் வரிசை மாறாமல் அடுக்கி வைத்தான். அந்த வேலையில் அவன் கனவே காணவில்லை. கம்பளத்தை உருவி எறிந்து, தரையை சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணாடியில் படிந்திருந்த படலத்தைத் தேய்த்து எடுத்தான்.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் சோதனை. நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டு இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தார்கள். முதலில் தூசி வந்தது. அப்புறம் காய்ந்த இலை வாசம். பிறகு, காலிலிருந்து மெல்ல மெல்ல, சூடு ஏறி வந்தது. சிங்கானோவின் மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. அத்துமானியின் சட்டை முதுகில் ஒட்டியது. இருவரும் அசையவில்லை. ஆரஞ்சுக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"உள்ள என்னத்த அவிக்கிறீங்க?"

"எங்களத்தான்," என்றான் சிங்கானோ.

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அத்துமானி தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான். கண்ணீரா வேர்வையா என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து டப்பாவைப் பார்த்தார்கள். கூலண்ட் ஊற்றிய இடத்திலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை மோம்போவில் நிற்காமல் ஏறினான். முள் நடுவிலேயே படுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் சோனி வளைவு வந்ததும் போனதும் தெரியவில்லை. மேலே போகப் போக மூட்டம் இறங்கியது. யூக்கலிப்டஸ் மரங்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. முட்டைக்கோஸ் சுமந்து போகிற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெள்ளைக்குள் போய் மறைந்தார்கள். முன் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது.

மாமியார் வாசலுக்கு வந்தாள். "வந்துட்டீங்களா மாப்ள," என்றாள். மேல்வீட்டு அறையைப் பெருக்கிய துடைப்பம் அவள் கையிலேயே இருந்தது.

ரிஸிகி வந்தாள். அவனைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தாள். பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தனியாகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் கையை வைத்துப் பார்த்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அத்துமானி வெளியே குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான். பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். கதவு திறந்தது. ரிஸிகியின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது.

"இந்தச் சூடு எங்க இருந்து வருது?"

"என்ஜின்ல இருந்துதான். அதுக்குன்னே ஒரு சாமான் உள்ள இருக்கு. நாமதான் அதை வேண்டாம்னு வெட்டிப் போட்டுக்கிட்டிருந்தோம்."

அவள் மூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இறங்கும்போது பிள்ளை அவள் மடியில் ஒரு துணி மூட்டையாக இருந்தது. பிறந்த ஏழாம் நாள் பஸ்ஸில் வந்து போனபோதும் அவன் பார்த்தது இதே மூட்டையைத்தான். ஒரு மூக்கும் மூடிய இரண்டு கண்களும். தொட்டால் குளிர் ஏறிவிடும் என்று அன்றைக்கு ரிஸிகி ஒரு மடிப்பைக்கூடப் பிரிக்க விடவில்லை.

சோனி வளைவுக்கு வந்ததும், "நிறுத்துங்க," என்றாள்.

திரும்பிப் போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஓரமாக நிறுத்தினான். அருவிச் சத்தம் கேட்டது, அருவி தெரியவில்லை. மூட்டம் நான்கு கண்ணாடிகளிலும் வந்து மோதியது. உள்ளே ஒரு இழைகூட நுழையவில்லை.

ரிஸிகி கம்பளிச் சால்வையை அவிழ்த்தாள். அதற்கு உள்ளே இருந்த காங்காத் துணியை அவிழ்த்தாள். தொப்பி, இரண்டு சட்டை, அதற்கும் உள்ளே ஒரு பஞ்சுத் துணி. கடைசியாகக் காலுறைகளை ஒவ்வொன்றாக உருவினாள். பிள்ளை வெற்றுடம்போடு அவள் மடியில் கிடந்தது. தும்மவில்லை, இருமவில்லை. சோம்பல் முறித்துக் காலை நீட்டி, சூடு வருகிற பக்கம் ஒரு உதை விட்டது. நீளமான விரல்கள் விரிந்து மடங்கின.

"அவளுக்கும் இப்படித்தான், கால்விரல் நீளம்," என்றாள் ரிஸிகி. "நீங்க பார்த்ததே இல்லையே."

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். மூத்தவளையும் மூட்டையாகத்தான் கொண்டு வந்தார்கள், இருமிய நாட்களிலும் மூட்டையாகத்தான் வைத்திருந்தார்கள், மூட்டையாகத்தான் அடக்கத்துக்குக் கொடுத்து அனுப்பினார்கள். ரிஸிகி அழ ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்துமானி குனிந்து அந்தப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். அது வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அழுது முடிக்கிறவரை அவன் காரை எடுக்கவில்லை.